ஷூல்போர்ட்டா: மதிலும் மாணவரும்

ஜெர்மனியின் நடுப்பகுதியில் சாலே என்னும் ஆறு பாய்கிறது. அதன் கரையில், நௌம்பர்க் நகரத்திற்கும் கோசன் என்னும் சிற்றூருக்கும் இடையே, கல் மதில் சூழ்ந்த பழைய வளாகம் ஒன்று இருக்கிறது. நடுவே ஒரு பெருங்கோயில். அதனை ஒட்டித் துறவிகள் வாழ்ந்த மண்டபங்கள். சுற்றிலும் தோட்டமும் மரங்களும். ஷூல்போர்ட்டா என்று உலகம் அறிந்த உயர்நிலைப் பள்ளி இதுவே. போர்ட்டா என்னும் இலத்தீன் சொல்லுக்கு வாயில் என்பது பொருள். வாயிலைப் பெயராகக் கொண்ட இப்பள்ளி, தன் மதிலால் புகழ் பெற்றது விந்தையே.

ஜெர்மானியக் கல்வி வரலாற்றை எழுதுவோர் இப்பள்ளியைப் பேசாமல் விடுவதில்லை. கிளாப்ஸ்டாக், ஃபிக்டே, ராங்கே, நீட்சே, விலமோவிட்ஸ் என்று மாணவர் பெயர்களை அடுக்குவர். கவிஞர் ஒருவர், தத்துவஞானிகள் இருவர், வரலாற்றறிஞர் ஒருவர், கிரேக்கப் புலவர் ஒருவர். அடுக்கி முடித்ததும், "கட்டுப்பாடும் தனிமையும் இவர்களை ஆக்கின" என்று முடிவு கூறிவிடுவர். இம்முடிவு எவ்வளவு தூரம் மெய் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. உலகை விட்டுப் பிள்ளைகளைப் பிரித்து வைத்து வளர்க்கும் கல்வி முறை எங்கெல்லாம் போற்றப்படுகிறதோ, அங்கெல்லாம் போர்ட்டாவைச் சான்றாகக் காட்டுவார் உண்டு.

பள்ளியின் தொடக்கத்தை முதலில் நோக்க வேண்டும். 1137-ஆம் ஆண்டில் சிஸ்டர்சியத் துறவிகள் இங்கே வந்து மடம் அமைத்தனர். உழைப்பையும் வழிபாட்டையும் ஒன்றாகக் கொண்ட அத்துறவிகள் சதுப்பு நிலத்தைத் திருத்தினர், ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டினர், திராட்சை பயிரிட்டனர். நானூறு ஆண்டுகளில் மடத்தின் நிலம் பெருகிற்று. லூதரின் சமயச் சீர்திருத்தம் சாக்சனி நாட்டில் நிலைபெற்றபோது, 1540-இல் மடம் கலைக்கப்பட்டது. அக்காலத்தில் ஜெர்மானியச் சிற்றரசர் பலரும் மடங்களின் சொத்தைத் தம் கருவூலத்தில் சேர்த்துக்கொண்டனர். சாக்சனியின் மோரிட்ஸ் கோமகனும் அவ்வாறு செய்யாதவர் அல்லர். மடத்து நிலங்கள் பலவற்றை அவர் விற்கவே செய்தார். ஆயினும் ஒரு பகுதியைக் கல்விக்கென ஒதுக்கி, 1543-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். நாட்டில் மூன்று பள்ளிகள் அமைய வேண்டும். குடிமக்களின் பிள்ளைகளும் பிரபுக்களின் பிள்ளைகளும் அவற்றில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது ஆணை. மைசனிலும் போர்ட்டாவிலும் அவ்வாண்டே பள்ளிகள் எழுந்தன. மூன்றாவது பள்ளி 1550-இல் கிரிம்மாவில் அமைந்தது.

கோமகனுக்குத் திருச்சபை நடத்தப் போதகர் தேவை. ஆட்சி நடத்த அதிகாரிகள் தேவை. அத்தேவையே பள்ளியைப் பிறப்பித்தது. அறிவை அறிவுக்காகவே வளர்க்கும் நோக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால், நிலத்தின் வருவாய் நேரே பள்ளிக்கு வந்தமையால் ஒரு பெருநன்மை விளைந்தது. பணமில்லாத வீட்டுப் பையன் அங்கே இடம் பெற முடிந்தது. ஃபிக்டே நாடா நெய்யும் ஏழைத் தொழிலாளியின் மகன். செல்வர் ஒருவரின் ஆதரவால் போர்ட்டாவை அடைந்தவர். நீட்சே ஐந்து வயது நிரம்புமுன் தந்தையை இழந்த போதகர் மகன். உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தவர். மதிலைப் புகழ்வோர் இந்த நில வருவாயை ஏனோ மறந்துவிடுகின்றனர். ஏழைப் பிள்ளைக்குச் சோறும் புத்தகமும் ஆறு ஆண்டுகள் தடையின்றிக் கிடைத்தது எளிய செய்தி அன்று.

இனி, உள்ளே நடந்த வாழ்க்கை. நீட்சே பயின்ற 1858 முதல் 1864 வரையிலான காலத்தில் ஏறத்தாழ இருநூறு மாணவர் அங்கே இருந்தனர். விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். எழுந்து முகம் கழுவி, வழிபாடு முடித்து, பாலும் ரொட்டியும் உண்டு, ஆறு மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டும். நண்பகல் வரை பாடம். உணவுக்குப் பின் மீண்டும் பாடம். குறித்த நேரத்தில் தோட்டத்தில் உலாவல். ஒன்பது மணிக்கு உறக்கம். இலத்தீனும் கிரேக்கமும் பாடத்தின் உயிர். பள்ளியில் சேர்ந்த நாளைப் பற்றிப் பின்னர் எழுதிய நீட்சே, தூரத்தில் தெரிந்த சாளரங்கள் கல்வித் தாயின் இல்லமாகத் தோன்றவில்லை, சிறைச்சாலையாகவே தோன்றின என்ற பொருள்பட எழுதினார். அப்போது அவருக்கு வயது பதினான்கு.

இந்தக் கால அட்டவணையில் ஒரு விலக்கு உண்டு. பள்ளியின் தன்மையை அறிய விரும்புவோர் மதிலை விட்டுவிட்டு இந்த விலக்கைத்தான் ஆராய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வகுப்பே கிடையாது. அன்று மாணவர் ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்கலாம். பின்னர் நாள் முழுவதும் தாமே தெரிந்தெடுத்த நூலைப் படிக்கலாம். தமக்குப் பிடித்த பொருளைப் பற்றி எழுதலாம். ஆசிரியர் பாடம் சொல்லமாட்டார். கண்டிப்புக்குப் பெயர் போன ஒரு பள்ளி, ஏழு நாளில் ஒரு நாளைப் பையன்களின் கையில் கொடுத்துவிட்டது.

இதனோடு சேர்த்து எண்ணத் தக்க வழக்கம் மற்றொன்று. பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர் விடைபெறும் காணிக்கையாக நீண்ட ஆய்வுரை ஒன்றை எழுதி அளிப்பர். பொருளைத் தாமே தெரிந்துகொள்வர். 1864-இல் நீட்சே, மெகாரா நகரத்துக் கவிஞர் தியோக்னிஸ் பற்றி இலத்தீனில் எழுதினார். அதுவே பின்னர் விரிவுபெற்று, 1867-இல் அறிஞர் இதழ் ஒன்றில் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. 1867-இல் விலமோவிட்ஸ், கிரேக்க அவல நாடகங்களின் முடிவுகள் எவ்வளவு தூரம் மனத்துக்கு நிறைவளிக்கின்றன என்று ஆராய்ந்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்! தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர் இத்தகைய பொருளை எடுத்திருக்க முடியாது.

ஆசிரியர்களும் அத்தகையோரே. கோபர்ஸ்டைன் என்பவர் ஜெர்மானிய இலக்கிய வரலாற்றைப் பெருநூலாக எழுதியவர். கார்சன் என்பவர் இலத்தீன் மொழியின் ஒலிப்பைப் பற்றி ஆராய்ந்து பெயர் பெற்றவர். தலைமையாசிரியர் கார்ல் பீட்டர் ரோமானிய வரலாற்றறிஞர். பல்கலைக் கழகத்தில் இருக்கத் தக்கவர்கள் பள்ளிப் பையன்களுக்குப் பாடம் சொன்னார்கள். தாமே தேடிக் கண்டுபிடிப்பவரிடம் கற்ற மாணவன், அறிவு என்பது முடிந்துபோன பொருள் அன்று என்பதை யாரும் சொல்லாமலே உணர்ந்துகொள்வான்.

புகழ்ப் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். 1543 முதல் 1935 வரை 392 ஆண்டுகள். தொடக்கத்தில் நூறு மாணவர், பின்னர் நூற்றைம்பது, இருநூறு. ஒவ்வொருவரும் ஆறு ஆண்டு தங்கினர் என்று கொண்டால், ஆண்டுக்கு இருபது முப்பது பேர் வெளியேறியிருப்பர். மொத்தம் பத்தாயிரம் பேர் அளவில் ஆகும். அதில் உலகம் அறிந்த பெயர் இருபதோ முப்பதோ. மற்றவர்கள் போதகராகவும் வழக்கறிஞராகவும் பள்ளி ஆசிரியராகவும் வாழ்ந்து மறைந்தனர். அன்றியும், நகரங்கள் தெரிந்தெடுத்து அனுப்பிய கெட்டிக்காரப் பிள்ளைகளே பெரும்பாலும் அங்கே வந்தனர். நல்ல விதையைத் தேர்ந்தெடுத்து விதைத்தவன் நிலத்தை மட்டும் புகழ்ந்தால் கணக்குச் சரியாகுமா?

பட்டியலில் உள்ளவர்களைத் தனித்தனியே விசாரித்தால் செய்தி இன்னும் சுவையாகிறது. கிளாப்ஸ்டாக் 1739-இல் சேர்ந்து 1745-இல் வெளியேறினார். விடைபெறும் நாளில் காவியப் புலவர்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஜெர்மன் மொழியில் ஒரு பெருங்காவியம் இன்னும் எழவில்லையே என்று அதில் ஏங்கினார். ஏங்கியது இலத்தீன் மொழியில்! பள்ளியில் அதுவே வழக்கம். மூன்றே ஆண்டுகளில், 1748-இல், தாய்மொழியில் 'மெசியா' காவியத்தின் முதல் மூன்று காண்டங்களை வெளியிட்டு அக்குறையைப் போக்க முனைந்தார். பள்ளி கற்பித்த ஹோமரும் வெர்ஜிலும் அவருக்கு ஆசையைத் தந்தனர். அந்த ஆசையை நிறைவேற்றும் மொழியைப் பள்ளி தரவில்லை.

ஃபிக்டேயின் கதை வேறு. 1774-இல், பன்னிரண்டு வயதில் சேர்ந்தார். மூத்த மாணவன் இளைய மாணவனை மேற்பார்க்க வேண்டும் என்பது போர்ட்டாவின் முறை. ஃபிக்டேக்கு வாய்த்த மூத்தவன் கொடியவன். ராபின்சன் குருசோவின் கதையைப் படித்திருந்த சிறுவன், தானும் எங்கேனும் தீவில் வாழலாம் என்று எண்ணி ஒருநாள் வெளியேறி நடந்தான். நௌம்பர்க் செல்லும் வழியில் பெற்றோரின் நினைவு வர, மனம் மாறித் திரும்பினான். தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னான். அவர் தண்டிக்கவில்லை, வேறொரு மூத்தவனிடம் அவனை ஒப்படைத்தார். இச்செய்தியை ஃபிக்டேயின் வரலாற்றை எழுதிய அவர் மகன் குறித்துள்ளார்.

மதிலைத் தாண்டி ஓடிய அச்சிறுவன் பெரியவராகிக் கூறியதைக் கேட்டால் வியப்பு உண்டாகும். 1807, 1808-ஆம் ஆண்டுகளில் பெர்லின் நகரம் பிரெஞ்சுப் படையின் பிடியில் இருந்தபோது, ஃபிக்டே 'ஜெர்மானிய மக்களுக்கு உரைகள்' என்னும் புகழ் பெற்ற சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். நாட்டைக் காக்க ஒரே வழி புதிய கல்வி. அதற்காகப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் கெட்டுப்போன சமூகத்திடமிருந்தும் பிரித்து, தனிக் குடியிருப்பில் வளர்க்க வேண்டும் என்றார். தாம் தப்பியோட நினைத்த மதிலை நாடெங்கும் கட்டச் சொன்னார். பிள்ளையைத் திரும்ப அழைத்தது பெற்றோரின் நினைவே என்பதை அவர் மறந்துவிட்டார் போலும். இந்த முரண்பாட்டை ஃபிக்டேயைப் போற்றுவோர் மெல்லக் கடந்து செல்கின்றனர். கடக்கத் தக்கது அன்று.

நீட்சேயிடம் வரும்போது போர்ட்டாவின் ஒளியும் நிழலும் ஒன்றாகத் தெரிகின்றன. 1861-இல் தம் விருப்பமான கவிஞரைப் பற்றிக் கட்டுரை எழுத நேர்ந்தபோது, அக்காலத்தில் பலரும் மறந்திருந்த ஹெல்டர்லினை எடுத்துப் பாராட்டினார். ஆசிரியர் கட்டுரையைத் திருத்தி, இதைவிட உடல்நலமும் தெளிவும் ஜெர்மானியத் தன்மையும் மிக்க ஒரு கவிஞரைத் தெரிந்துகொள்வது நல்லது என்னும் கருத்தைக் கீழே குறித்தார். இன்று ஹெல்டர்லின் ஜெர்மன் கவிதையின் சிகரங்களுள் ஒருவர். பதினேழு வயதுப் பையனின் காது ஆசிரியரின் காதைவிடக் கூர்மையாக இருந்தது. எனினும், அவ்வாறு ஒரு கவிஞரைத் தெரிந்தெடுத்து எழுத இடம் கொடுத்ததும் அதே பள்ளிதான்.

அடுத்த ஆண்டில் நடந்தது நகைப்புக்குரியது. வகுப்பறைகளில் உள்ள குறைகளை எழுதித் தரும் வாரப் பொறுப்பு நீட்சேக்கு வந்தது. ஓர் அறையில் விளக்குகள் மங்கலாக எரிவதால், மாணவர் தம் சொந்த ஒளியைக் காட்டும்படி தூண்டப்படுகின்றனர் என்ற பாங்கில் கேலியாகக் குறித்துக் கொடுத்தார். ஆசிரியர் குழு சிரிக்கவில்லை. மூன்று மணி நேரம் தனியறைக் காவல். சில நாள் உலாவலும் இழப்பு. 1863-இல் கோசனில் மிகுதியாகப் பீர் குடித்துவிட்டு வந்து பிடிபட்டு, வகுப்பின் முதல்வன் என்ற இடத்தை இழந்ததும் உண்டு. இறுதித் தேர்வில் கணக்கில் தேறாத மதிப்பெண். மற்றப் பாடங்களில் பெற்ற சிறப்பே அவரைக் காப்பாற்றியது.

பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் பேசத் தக்க கதைகள் இவை என்று தள்ளிவிடலாம். ஆனால் நீட்சே தம் வாழ்நாளின் இறுதிப் பகுதியில் கூறியது அத்தகையதன்று. தாம் நடை பயின்ற வரலாற்றைச் சொல்லும் இடத்தில், ரோமானிய ஆசிரியர் சல்லஸ்ட்டின் சுருங்கிய நடையைத் தொட்டதும் தமக்கு விழிப்பு வந்தது என்கிறார். இலத்தீனில் மிகவும் கடையனாக இருந்த மாணவனுக்கு முதன்மையான மதிப்பெண் கொடுக்க நேர்ந்தபோது கார்சன் அடைந்த திகைப்பையும் அன்போடு நினைவு கூர்கிறார். தக்க பருவத்தில் கடுமையான பள்ளிப் பயிற்சி பெறாதவனுக்கு அக்குறை பின்னால் தீராது என்னும் கருத்தையும் குறித்து வைத்தார். சிறை என்று கண்டவரே நன்றியும் சொன்னார்.

அப்படியாயின், அவர் பள்ளிகளை ஏற்றுக்கொண்டாரா? இல்லை. 1872-இல் பாசல் நகரில் 'நம் கல்வி நிலையங்களின் எதிர்காலம்' பற்றி ஐந்து சொற்பொழிவுகள் ஆற்றினார். ஜெர்மானிய உயர்நிலைப் பள்ளிகள் பண்பாட்டை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு புலமையை மட்டும் உற்பத்தி செய்கின்றன. தாய்மொழியைக் கற்பிப்பதில் எந்தக் கண்டிப்பும் இல்லை. எழுதத் தெரியாத பிள்ளையைச் சொந்தக் கருத்து எழுதச் சொல்லிக் கெடுக்கின்றன என்று சாடினார். இங்கே நீட்சேயின் வாதம் முழுதும் பொருந்துவதாக இல்லை. தாய்மொழிக் கண்டிப்பைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் இளம்பிள்ளை சொந்தமாகக் கருத்துரைக்கலாகாது என்றால், ஹெல்டர்லினைப் பற்றிய கட்டுரை பிறந்திருக்குமா?

அதே 1872-இல் போர்ட்டாவின் பிள்ளைகள் இருவர் வெளிப்படையாக மோதிக்கொண்டனர். நீட்சே 'அவலத்தின் பிறப்பு' என்னும் நூலை வெளியிட்டார். கிரேக்க நாடகம் இசையின் வெறியிலிருந்து பிறந்தது என்பது அதன் மையக் கருத்து. இருபத்து மூன்று வயது விலமோவிட்ஸ் அதனைத் தாக்கிச் சிறு நூல் எழுதினார். சான்று எங்கே, சொற்பொருள் எங்கே, காலக் கணக்கு எங்கே என்று அடுக்கடுக்காகக் கேட்டார். நீட்சேயின் பக்கம் அவருடைய நண்பர் ரோடே எழுந்து மறுத்தார். இருவரும் ஒரே மதிலுக்குள், ஏறத்தாழ அதே ஆசிரியர்களிடம், அதே கிரேக்க நூல்களைப் படித்தவர்கள். ஒருவர் பழமையிலிருந்து இக்காலத்தைத் திருத்தும் ஒளியைத் தேடினார்; மற்றவர் பழமையைப் பழமையாகவே அறிய விரும்பினார். பள்ளி தன் மாணவரை ஒரே அச்சில் வார்த்தது என்னும் புகழுரைக்கும் பழியுரைக்கும் இந்த மோதலே மறுமொழி. விலமோவிட்ஸ் தம் வாழ்நாள் முழுதும் பள்ளியிடம் பற்றுக் கொண்டிருந்தார். யூரிப்பிடீசின் 'ஹெராக்ளீஸ்' நாடகத்துக்கு 1889-இல் வெளியிட்ட பெரும் பதிப்பைப் போர்ட்டாவுக்கே காணிக்கையாக்கினார்.

நீட்சேயின் பள்ளித் தோழர் மற்றொருவரை இந்தியத் தத்துவம் பயில்வோர் அறிவர். அவர் பால் டாய்சன். 1859-இல் போர்ட்டாவில் சேர்ந்தவர். பின்னர் வடமொழி கற்று, 1883-இல் வேதாந்த முறை பற்றிய நூலையும், 1897-இல் அறுபது உபநிடதங்களின் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். 1893-இல் பம்பாயில் வேதாந்தம் பற்றி உரையாற்றினார்; 1896-இல் சுவாமி விவேகானந்தர் கீல் நகரில் அவருடைய விருந்தினராக இருந்தார். நீட்சேயே 1887-இல் எழுதிய நூலில், இந்தியத் தத்துவத்தை உண்மையாக அறிந்த முதல் ஐரோப்பியர் என்ற பொருள்படத் தம் தோழரைக் குறித்தார். போர்ட்டாவில் வடமொழி கற்பிக்கப்படவில்லை. அயல்மொழி நூலை எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கமே அங்கே கற்பிக்கப்பட்டது. கங்கைக் கரை நூல்களைத் திறக்க அப்பழக்கம் போதுமானதாக இருந்தது.

குறைகளும் பல. இயற்கை விஞ்ஞானத்துக்கும் வாழும் மொழிகளுக்கும் நெடுங்காலம் சிற்றிடமே கிடைத்தது. கணித மேதை மேபியஸ் போர்ட்டாவில் பயின்றவரே. அங்கேயே பிறந்தவருமாவார், அவர் தந்தை அப்பள்ளியின் நடன ஆசிரியர். ஆனால் ஒரு மேபியஸைக் காட்டிப் பாடத்திட்டத்தின் குறையை மறைக்க முடியாது. பெண்களுக்கு இடமே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, சாவி யார் கையில் இருக்கிறது என்பது. பள்ளியை நிறுவியவர் கோமகன். 1815-இல் அப்பகுதி பிரஷ்யாவுக்குக் கைமாறியபோது பள்ளியும் கைமாறிற்று. அப்போது வந்தவர்கள் கிரேக்கக் கல்வியை மதிப்பவர்களாக இருந்தமையால் பள்ளி செழித்தது. அதனால் ஆபத்து எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. 1933-இல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. அவ்வாண்டிலேயே பிளன், கெஸ்லின், போட்ஸ்டாம் ஆகிய ஊர்களில் தேசிய அரசியல் பயிற்சிப் பள்ளிகள் என்னும் பெயரால் விடுதிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கட்சிக்கும் அரசுக்கும் தலைவர்களை ஆக்குவது அவற்றின் நோக்கம். உடற்பயிற்சி, படைப் பயிற்சி, அரசியல் போதனை என்பவையே அங்கே முதன்மை. 1935-இல் போர்ட்டாவும் அத்தகைய பள்ளியாக மாற்றப்பட்டது. 1945 வரை அவ்வாறே இருந்தது.

மாற்றம் எளிதாக நடந்ததற்குக் காரணம் உண்டு. பெற்றோரிடமிருந்து பிரிந்த பிள்ளைகள், ஒரே இடத்தில் உறங்கி உண்ணும் வாழ்க்கை, மணியடித்தால் எழும் பழக்கம், இளையவனை மூத்தவன் ஆளும் முறை, அரசுக்குச் சொந்தமான நிலம், சுற்றிலும் மதில்: எல்லாம் ஆயத்தமாக இருந்தன. மாற்ற வேண்டியவை ஆசிரியரும் பாடமும் சீருடையுமே. ஃபிக்டே நினைத்தது இதுவன்று. அவர் மீது இப்பழியைச் சுமத்துவது முறையாகாது. ஆயினும் பிள்ளைகளைச் சமூகத்திலிருந்து பிரித்து அடைப்பவர், அடைத்தபின் அவர்களுக்கு யார் பாடம் சொல்வார் என்பதற்கு உறுதி தர முடிவதில்லை. கட்டுப்பாடும் தனிமையும்தான் போர்ட்டாவை ஆக்கின என்றால், 1935-க்குப் பின்னும் போர்ட்டா போர்ட்டாவாகவே இருந்திருக்க வேண்டும். கட்டுப்பாடு குறையவில்லை, கூடிற்று. மறைந்தவை மாணவன் தானே நூலைத் தெரிந்தெடுத்த உரிமையும், ஆராய்ச்சியாளராக விளங்கிய ஆசிரியரின் சுதந்திரமும். பத்தாண்டுக் காலம் மதில் மட்டும் நின்றது.

போருக்குப் பின் அப்பகுதி சோவியத் ஆதிக்கத்திலும், பின்னர்க் கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியிலும் இருந்தது. பழைய சமயச் சார்பும் கிரேக்க முதன்மையும் படிப்படியாக நீக்கப்பட்டன. மற்றொரு கொள்கை பாடத்தில் புகுந்தது. ஆனால் அக்காலத்தில்தான் மாணவியரும் சேர்க்கப்பட்டனர் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். நானூறு ஆண்டு மரபு தானாகச் செய்யாத நற்செயல் அது. 1990-இல் ஜெர்மனி ஒன்றானபின், சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் பள்ளியாகப் போர்ட்டா புதிதாக அமைந்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, மொழி, இசை, இயற்கை விஞ்ஞானம் என மூன்று பிரிவுகளில் மாணவரும் மாணவியரும் விடுதியில் தங்கிப் பயில்கின்றனர். கிரேக்கம் இன்று எல்லார்க்கும் கட்டாயம் அன்று. துறவிகள் வெட்டிய கால்வாயில் இன்னும் நீர் ஓடுகிறது. மடத்தின் பெயரால் திராட்சை மது வடிக்கப்படுகிறது. பள்ளி இன்றும் அரசின் பள்ளியே.